கீழ்ப்பார்வை

கை சோற்றுக் கோப்பைக்குள் இருக்கிறது,
கண் மட்டும் எதிர்ச்சுவர்க் கலண்டரில்.
கீழே பாருங்க என்கிறேன்.
பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்கிறார்.
வல்லாரைச் சுண்டல் மேசையெல்லாம்.

முப்பத்தொரு வருஷம்
ரெயில்வே இந்தக் கண்ணுக்குச் சம்பளம் தந்தது
கீழே பார்க்கத்தான்.
ஏறாவூரில் தொடங்கி வந்தாறுமூலை தாண்டி
தோளில் சம்மட்டி, இடுப்பில் ஸ்பானர்,
கழன்ற ஆணி, வெடித்த மூட்டு,
புனானைப் பக்கம் போனால்
யானை இப்போதான் கடந்ததா என்று லத்தியின் சூடு வரைக்கும்
குனிந்தே படித்த மனிசன், பூபாலரத்தினம்.

இப்போது விழுகிறார்.
முன்னால் இல்லை, பின்னால்,
தறித்த தென்னை போல, கை ஊன்றாமல்.
குசினியில் ஒருமுறை. கிணற்றுக்கட்டில்.
சந்தையில் மீன்காரி கத்தித்தான் எனக்குத் தெரியும்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் றிஸ்மியா
கிளினிக் துண்டின் முதுகில் கோடு கீறினார்.
நரம்பணுவுக்குள் குழாய்கள் கிடக்கின்றன,
தலைமயிரை மூவாயிரமாய்க் கிழித்தால் வரும் பருமன்.
அதன்மேல் இரண்டு காலால் நடந்து
சுமைகாரப் புரதங்கள் மூட்டை கொண்டுபோகின்றன,
கைனசின் போகும், டைனீன் திரும்பி வரும்.
குழாய் கலைந்துவிடாமல் இடைக்கிடை ஒட்டிக்கிடப்பது
இன்னொரு புரதம். பெயர் டௌ.

சிலிப்பர் கட்டையோ? என்றார் இவர்
சீலிங் ஃபேனைப் பார்த்தபடி.
டொக்டர் சிரித்தார். அப்படியே வைங்க.

ஈரலிலும் தோலிலும்
வேறு பேரில் வேறு கட்டைகள் உண்டாம்.
அங்கே இவருக்கு ஒரு குறையுமில்லை.
சிராய்ப்பு நாலு நாளில் ஆறுகிறது.
நகம் நான் வெட்ட வெட்ட வளர்கிறது.

பொஸ்பேற் அளவுக்கு மீறி ஏறினால்
டௌ கழன்றுவிடும்.
கழன்றது சும்மா கிடக்காது,
ஒன்றோடொன்று முறுகி
அணுவுக்குள்ளேயே முடிச்சாய்க் குவியும்.

அன்றிரவு இவர் தூங்கவில்லை.

பாதை மூடிக்கிடந்த வருஷங்களில்
இவர் மாகோவுக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.
திரும்பி வந்து நடந்தபோது
தண்டவாளம் வெறும் மணலில் நெளிந்து கிடந்தது.
கட்டைகள் பங்கருக்குப் போயிருந்தன.
எந்தப் பக்கத்துப் பங்கர் என்று கட்டைக்குத் தெரியாது.
மண்மூட்டைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாய்
எண்ணெய் மணக்க மணக்க
எதையும் தாங்காமல், யாரையும் கொண்டுபோகாமல்.

விடியப்புறம் சொன்னார்:
கழட்டினதை மன்னிக்கலாம்.
அடுக்கி வைச்சானுகளே, அதுதான்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் தானே திருத்தினார்.
கட்டை என்று சொன்னது முழுச்சரி இல்லை.
டௌ இறுக்கிப் பிடிக்கிறதில்லை.
ஒரு செக்கனில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்
தொடும், விடும், தாவும், திரும்பத் தொடும்.
இவருக்கு ரோசம் வந்துவிட்டது.
ஆணி அடிக்காத கட்டை எதுக்கு?

நிச்சயமாய் இந்த வருத்தம்தானா? என்று நான் கேட்டேன்.
நிச்சயம் பிறகுதான் தெரியும், என்றார் மெதுவாய்.
எதுக்குப் பிறகு என்று நான் கேட்கவில்லை.
பஸ்ஸில் இவர் சொன்னார்,
வெட்டிப் பார்க்கட்டும், எனக்கென்ன.

பின்னேரம் கேற்றடிக்குப் போகவேண்டும் என்பார்.
முழங்கையை இறுக்கிப் பிடித்தால் கோபம்.
விட்டால் பின்னால் சாய்கிறார்.
தொட்டு, விட்டு,
இரண்டு எட்டு,
தொட்டு.

கட்டையா, கொங்கிறீற்றா? என்று கேட்கிறார்,
மேலே கொக்கு போகும் திசையைப் பார்த்தபடி.
கொங்கிறீற் என்கிறேன்.
மூட்டு எப்படி?
அவருக்காகக் குனிகிறேன்.
ஒரு நட்டு தளர்ந்து கிடப்பது
எனக்கே தெரிகிறது.

ஸ்டேசனுக்கு எடு, என்கிறார். குரல் நேரானது.
எத்தனையாவது கட்டையில் என்று அங்கே கேட்கிறார்கள்.
பொறுங்க என்று
கேற்றடியிலிருந்து எண்ணத் தொடங்குகிறேன்,
ஒரு கை போனில்,
ஒரு கை