ஒரு நூல்

மே மாதத்தில்
ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்க
குருசுக்குப்பம் வந்திருக்கிறோம், பதினோரு பேர்.
ஆட்டோக்காரர் இரண்டு முறை கேட்டார்:
"போர்வையா?"

கால் அங்குலம் விட்டுத் தைக்கணுமாம்;
ஒரு நூல் பிசகினாலும்
மூலை சேராதாம்.
எனக்குச் சேரவில்லை.

பக்கத்து மெஷினில் ஜெர்மேன்.
கருவூலத்தில் வேலை.
ஆபீஸ் பயிற்சி என்று
வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள்,
துணி எதுவும் எடுத்துவரவில்லை.
இரண்டாம் நாள்
போட்டிருந்த துப்பட்டாவை உருவி
நறுக்கினாள்
முக்கோணம் முக்கோணமாக.

இரவு கரண்ட் போனது.
மொட்டை மாடியில்
பாதி தைத்ததையே விரித்துப் படுத்தோம்.
கடல்காற்று வருது என்றார் யாரோ.
வரவில்லை.

எடுக்க மறந்த குண்டூசி
முதுகில் ஏற, அலறினேன்.
எல்லோரும் எழுந்து
இருட்டில் அவரவர் துணியைத் தடவ,
ஜெர்மேன் மட்டும்
என் துணியில் கையும்
தன் துணியில் காலுமாக
தூங்கிக்கொண்டிருந்தாள்.