சரியான கட்டத்தில் குறியிடவும்

எல்ம், கடைசி நிறுத்தம்.
பதினொரு நிமிடம் பஸ்ஸை நிறுத்திவைக்க வேண்டும்,
அட்டவணை அப்படி.
குடுவையின் மூடியில் தேநீரை ஊற்றிக்கொண்டு
எதிர் மலையைப் பார்ப்பேன்.
அதற்கு ஒரு தோள் இல்லை.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்று,
செப்டம்பர், ஞாயிறு பின்னேரம்.
நாட்கணக்காய்ப் பெய்த மழை.
மலையின் அடிவயிற்றில் சிலேட்டுக் கல்.
பள்ளிக்கூடம் கட்டாயமாகிவந்த காலம்,
ஊர் ஊராய்ப் பிள்ளைகளுக்குப் பலகை வேண்டும்.
மாடு மேய்த்தவர்கள் உளி எடுத்தார்கள்.
வருடக்கணக்கில் குடைந்தார்கள்.
முட்டுக்கொடுக்க ஒருவரும் சொல்லவில்லை,
சொல்லியிருந்தாலும்
முட்டுக்கு யார் கூலி கொடுப்பார்?

முதல்நாள் அதிகாரிகள் ஏறிப் பார்த்தார்கள்.
மேலே வெடிப்பு,
ஒரு பசு விழுந்தால் சத்தம் கேட்காத ஆழம்.
உடனடி ஆபத்தில்லை என்று இறங்கினார்கள்.
உடனடி.
வளைவுகளில் பிரேக் மிதிக்கும்போதெல்லாம்
இந்தச் சொல் காலில் இடறும்.

முதல் சரிவுக்கு ஆட்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள்.
அவர்களில் ஒருத்திக்கு நானே பெயர் வைத்திருக்கிறேன், ரெகுலா.
அடுப்பில் காப்பி வைத்துவிட்டு வந்தவள்.
இரண்டாவதற்கு எதிர்ச்சரிவில் ஓடி ஏறினாள்.
மேட்டுக்கு ஓடு என்பது
எங்கள் கரையில் அலை சொல்லித்தந்த பாடம்.
இங்கே மூன்றாவதாக வந்த கல்
மேட்டிலும் ஏறிப் பிடித்தது.
ஒரு நிமிடம்கூட முழுசாய் இல்லை.
நூற்றுப் பதினைந்து பேர்.
என் பஸ்ஸில் நாற்பத்தொரு இருக்கை,
மூன்று தடவை வரவேண்டும்.

போன கிழமை ஆரணி வீட்டுப்பாடத் தாளோடு வந்தாள்:
'நம் நாட்டின் பேரிடர்கள்'.
நிகழ்வு ஒன்றுக்கு இரண்டு கட்டம்,
இயற்கை, மனிதர்.
கோல்டாவ், மழையில் நழுவிய மலை. முதல் கட்டம்.
மாட்மார்க்கில் பேனா நின்றது.
அணை கட்ட வந்தவர்களின் குடில்கள்
பனிப்பாறைக்கு நேர் கீழே.
"பனி தானாய் விழுந்தது அப்பா,
குடிலை யார் அங்கே வைத்தது?"
இத்தாலிக்காரர்தானே அதிகம், என்றேன்,
ஏதோ பதில் சொன்ன மாதிரி.

"எல்ம்? மழையா, உளியா?"
இரண்டும்.
"இரண்டு குறி போட்டால் செல்லாது."

எனக்கும் உண்டு இரண்டு கட்டம்.
முல்லைத்தீவு, ஒரே கரை.
பெரியண்ணரைக் கடல், மார்கழிக் காலையில்.
நாலரை வருடம் தள்ளி, வைகாசியில்,
சின்னண்ணரை
வானத்திலிருந்து விழுந்த ஏதோவொன்று.
இரண்டு திவசத்துக்கும் கத்தரிக்காய்க் கறி,
இரண்டு பேரும் அடிபட்டது அதற்குத்தான்.
இதை நான் தாளில் எழுதச் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை, தெரியும் அவளுக்கு.

இப்போது மலைகளுக்குக் காது வைத்திருக்கிறார்கள்.
வாலேயில் ஓர் ஊரைப் பனியும் பாறையும் மூடும் முன்
மாட்டைக்கூட ஹெலிகாப்டரில் தூக்கிப்போனார்கள்.
அப்படியும் ஒருவர் போனார்.
நல்லது, ஒருவர்தான், என்று சொல்ல வாயெடுத்தேன்,
ஒருவர் என்றால் எவ்வளவு என்று
எங்கள் வீட்டில் தெரியும்.

செப்டம்பர் முடிவில்
மலைத்தொடரின் ஓட்டை வழியே காலை வெயில் புகுந்து
தேவாலயக் கோபுரத்தில் விழும். சில நிமிடம்.
அன்றைக்கு பஸ் நிறையக் கமராக்கள், முக்காலிகள்.
கற்கள் வந்த வருடமும்
பத்தொன்பது நாள் கழித்து வெயில் வந்திருக்கும்,
மேகம் விட்டிருந்தால்.
மண்வெட்டியோடு குனிந்திருந்தவர்கள்
நிமிர்ந்தார்களோ என்னவோ.

ஆரணி இரண்டு கட்டத்துக்கும் நடுவில்
கோட்டின் மேலேயே குறி போட்டாள்.
ஆசிரியை அரைப் புள்ளி குறைத்திருக்கிறார்.

தேநீர் ஆறிவிட்டது.
கீழே போக நாலு பேர்.
ஷ்வாண்டனில் ரயிலைப் பிடிக்கலாமா என்கிறாள்
தோள்பையும் சேற்றுச் சப்பாத்துமாய் ஒருத்தி.
பிடிக்கலாம், என்கிறேன்,
உடனடியாகக் கிளம்பினால்.