முப்பது வாளி

ஓகஸ்ட். மோட்டர் எரிந்து மூன்றாம் கிழமை.
சாளம்பைக்குளத்துக்கு அப்பால்
பாலைமரக் காடு தொடங்கும் விளிம்பில் எங்கள் மத்ரஸா:
நாற்பத்தொரு பாய், நாற்பத்தொரு தகரப்பெட்டி,
ஒரு கிணறு.

சுபஹுக்கு எழும்பாதவன் பெயரை எழுதும் கொப்பி
என்னிடம் இருந்தது.
பதினேழு வயதுக்கு அது பெரிய பாரம்.
ருசியும்தான்.

பாங்குக்கு முன்னால் டோர்ச் அடித்துப் போவேன்.
தலையணையைக் கட்டிக்கொண்டு கிடப்பவன்
எப்போதும் முஸ்அப்.
நீராவிப்பிட்டிப் பொடியன்,
மூன்றாம் ஜுஸ்உவில் இரண்டு மாதமாக நிற்கிறவன்.
"இந்தா எழும்புறன் நானா" என்பான்.
கனவிலேயே உளூச் செய்துவிட்டுத்
திரும்பிப் படுப்பான்.

எழுதினேன். சனி, ஞாயிறு, திங்கள்.
தண்டனை, ஹவுழுக்கு முப்பது வாளி.
அஸருக்குப் பிறகு கப்பி கிறீச்சிடும்.
மற்றவர்கள் பந்தடிக்கும் கூச்சலுக்குள்
அவன் எண்ணுவது கேட்கும்.
இருபதுக்குப் பின் எண்ணமாட்டான், ஓதுவான்,
தப்பும் தவறுமாக,
வாளி இறங்க ஒரு ஆயத், ஏற ஒன்று.

செவ்வாய் இரவு யானை வந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம் தென்னம்பிள்ளை முறியும் ஓசை,
விடியும்வரை யானைவெடி.
புதனும் அப்படி, வியாழனும் அப்படி.
ஒருவனும் உறங்கவில்லை, ஸஃப்பு நிறைந்தது,
கொப்பியில் வெள்ளைப் பக்கங்கள்.
பெருமையாக ஹஸரத்திடம் காட்டினேன்.

வெள்ளி சுபஹு.
கை மடித்து நாற்பத்தொரு பேர் குனிந்தோம்.
ஹவுழின் அடியில் ஒரு சாண் பாசி,
அதில் ஒரு தவளை.
கிணற்றில் தண்ணீர் இருக்கத் தயம்முமும் இல்லை.
இத்தனை நாளும் நாங்கள் முகம் கழுவியது
முஸ்அப்பின் தூக்கத்தில்.

வாளியை எடுத்தேன்.
ஏழாவதில் உள்ளங்கை உரிந்தது.
பக்கத்தில் வந்து நின்றான், கண்ணில் பீளையோடு.
"முடிச்சுக்குக் கீழ புடிங்க நானா, இல்லாட்டி வழுக்கும்."
ஹஸரத் கிழக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கடைசி ஸஃப்பில்தான் எங்களுக்கு இடம்.
முழங்கையால் வடிந்த தண்ணீர்
சட்டைப்பைக்குள் இறங்கிக் கொப்பியை நனைத்தது.
வெயிலில் காயவைத்தேன்.
ஞாயிற்றை வாசிக்க முடியவில்லை.

யானை போன பிறகு
முஸ்அப் மறுபடியும் உறங்கினான்.
மறுபடியும் எழுதினேன்.
பதினைந்து வாளி அவன் இறைத்தான்.
மற்றப் பதினைந்து
எந்தக் கொப்பியிலும் இல்லை.