ஐம்பத்திரண்டு

முகப்பில் ஐம்பத்திரண்டு என்று போட்டிருக்கிறது.
வடகரை வீதிக் கடையில் நிஸாம்தீன் சொன்னான்:
மூன்று நாள் வச்சுப் பாருங்கோ அக்கா,
சரிவராட்டிக் கொண்டு வாங்கோ,
திருகாணியை மட்டும் துலைச்சுப் போடாதேங்கோ.

நான் ஐஸ் கம்பனிக்குக் கணக்கு எழுதுகிறவள்.
நெற்றியில் எழுதியதை நம்பமாட்டேன்,
அடியில் கூட்டிப் பார்ப்பேன்.

பழைய றைட்டர் நாலு வேகம்.
ஒரு தட்டுக்கு இருபது நிமிடம்.
அந்த இருபது நிமிடமும் தண்ணி மோட்டர் போடக்கூடாது,
ஸ்திரிக்கைப் பெட்டி தொடக்கூடாது,
எலியை அசைக்கக்கூடாது.
நிறுத்திய விசிறிக்குக் கீழே வேர்க்க வேர்க்க
எங்கள் வீட்டு அருந்தவராசா
தொண்ணூற்றுநாலு, தொண்ணூற்றைந்து என்று
வாய்க்குள் எண்ணுவார்.
தொண்ணூற்றாறில் கரண்ட் போகும்.
அப்படிச் செத்தவை பதினேழு.
முற்றத்தில் கயிற்றில் ஆடுகின்றன,
சூடைக் கருவாட்டுக்குக் காவல்.
முதல் வாரம் காகம் பயந்தது.
இப்போது அதில் முகம் பார்க்கிறது.

கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி
பழையதை இழுத்தேன், பெருவிரல் கீறிற்று.
பின்பக்கத்தில் மூக்குத்திச் சுரை அளவில் ஒரு கறுப்புத் துண்டு,
அதை ஒரு இடம் தள்ளிக் குத்தினால்தான்
புதியவன் வந்ததைக் கணினி ஒப்புக்கொள்ளும்.
குத்தினேன்.
பச்சை விளக்கு எரிந்தது.

சோதனைக்கு ஒரு தட்டு நிறையவேண்டும்.
என் சொத்தோ பதினொரு மெகாபைட்:
பன்னிரண்டு வருட மீன் கணக்கு.
அதையே அறுபத்துமூன்று தடவை பிரதி எடுத்தேன்.
அறுபத்துமூன்று தடவை அதே பாரை, அதே கும்பிளா,
திருக்கடலூர்ச் சம்மாட்டியார் தராத அதே பாக்கி.
கொட்டியாரக் குடா கண்டிராத மீன்பாடு.

எழுது என்றேன்.

முதலில் ஒரு மூச்சு.
பிறகு மேசை அதிர்ந்தது, தேநீர்க் கோப்பை நகர்ந்தது,
நாற்பது குதிரைவலு வெளியிணை எஞ்சின்
வீட்டுக்குள் ஏறி வந்ததுபோல் ஒரு சத்தம்.
இவர் எழும்பி யன்னலைச் சாத்தினார்.
பழக்கம்தான்.
எஞ்சினுக்கு வலுவும் படகுக்கு நேரமும்
கடதாசியில் குறித்துக் கொடுத்த காலத்தில்
இந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது.

மூன்று நிமிடம் நாலு வினாடி.
கொப்பியில் குறித்தேன்.

அதற்குள்தான் நினைவு வந்தது:
கணக்கில் சில பக்கங்களில் மீனே இல்லை.
திகதி இருக்கும், எதிரே ஒரு கோடு,
கோட்டுக்கு மேல் 'கடல் தடை'.
கையால் எழுதுகையில் ஒவ்வொரு நாளும் ஒரு நாளாக இருந்தது.
இப்போது அறுபத்துமூன்று மடங்கு தடையை
லேசர் நிற்காமல் ஓடி எழுதி முடித்துவிட்டது.

மறுநாள் தட்டை வேலைக்குக் கொண்டுபோனேன்.
அங்குள்ள கிழட்டுக் கணினி
ஐம்பத்தெட்டாம் பிரதிவரை வாசித்தது.
விளிம்பில் விக்கிற்று. பிறகு ஒன்றும் பேசவில்லை.
விளிம்பில்தான் ஐம்பத்திரண்டு ஐம்பத்திரண்டாக இருக்கிறது,
நடுவில் அதன் பாதிகூட இல்லை.
இதை நிஸாம்தீன் சொல்லவில்லை,
பெட்டியும் சொல்லவில்லை.

இரவு, இருபத்துநாலில் இன்னொன்று எழுதினேன்.
நாலு நிமிடம் இருபது வினாடி.
கிழடு கடைசிவரை வாசித்தது.

வித்தியாசம் எழுபத்தாறு வினாடி.
அதை மிச்சம் பிடித்து நான் என்ன செய்ய?
பால்மா கரைக்கலாம்.
ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை.
ஓடவேண்டியதில்லை; ஓடாதே என்று
எவரும் கடதாசி தராமல் இருந்தால் போதும்.

கடைசியில் உண்மைப் பிரதி, ஒன்றே ஒன்று.
எழுதி முடித்து வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன்.
நடுத் துவாரத்தைச் சுற்றி
நகக்கண் அகலம்கூட இல்லாமல்
நிறம் மாறிய ஒரு வளையம்.
பன்னிரண்டு வருடம், தடை நாட்களும் சேர்த்து.
மிச்சமெல்லாம் வெறும் தட்டு.

இவர் கேட்டார்,
இப்ப மோட்டர் போடலாமோ?

போடுங்கோ என்றேன்.