கடைசிக் குற்றி

பேச்சிப்பாறைக்கு மேலே மூன்று நாளாய் மழை.
வெட்டில்லை, பாலில்லை.
ஷெட்டில் ஆசிட் கன்னாசு
மூடி இறுகிக் கிடக்கிறது.

கிரேசிபாய் காளான் தேடிப் போனாள்.
ஆறாம் வரிசையில், போன வருஷம்
மில்லுக்குப் போன ரப்பரின் குற்றி.
விளிம்பெங்கும் வெள்ளை நூல்,
நூல் நுனியில் துளிகள்.
மழை தேன்நிறத்தில் பெய்வதில்லை.

அவளுக்கு ஆசிட் தெரியும்:
ஒரு தட்டுப் பாலுக்கு எவ்வளவு,
கூடினால் ஷீட் என்னவாகும்,
நகக்கண்ணில் பட்டால் எத்தனை இரவு.

இங்கே யார் அளந்து ஊற்றினார்கள்?

தொட்டாள். எரியவில்லை.
நாக்கில் வைத்தாள், வைத்திருக்கக் கூடாது.
புளிச்சக்காய்க்கு
தூரத்துச் சொந்தம்.

மரம் மண்ணிலிருந்து
சிறுகச் சிறுக உறிஞ்சிய சுண்ணாம்பை
அந்தப் புளிப்பு பிடித்து
ஊசி ஊசியாய் அடுக்கிக்கொண்டிருந்தது
கண்ணுக்கு எட்டாமல்.
வேகாத சேம்பு தொண்டையை அரிக்குமே,
அதே ஊசி.

அவள் விடும் ஆசிட்டில்
பால் உறையும்.
இதில்
உறைந்து நின்ற மரம் அவிழ்கிறது.

கத்தியால் குத்தினாள்.
பிடிவரை இறங்கியது, ஈர ரொட்டியில் போல.

மழைக்கு அவளுக்குக் கூலி இல்லை.
இதற்கு மழையில்தான் வேலை,
ராத்திரி ஷிப்டும் உண்டு.

விரலைப் பாவாடையில் துடைத்தாள்.
தின்னும் காளான் ஒன்றுகூட இல்லை.
மதியத்துக்கு
மரச்சீனிதான்.