பட்டாதாரர்

காசிமேட்டில் வஞ்சிரத்தை
வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கையில்
குறுஞ்செய்தி:
பயிர்ச்சேத நிவாரணம், பதிமூன்றாயிரத்து அறுநூறு,
வரவு.

பொன்னேரிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர்.
கார்த்திகை மழையில்
நட்டதெல்லாம் மூழ்கிப்போனது.
நட்டவள் தனகோட்டி.
உரத்துக்குக் கம்மலை அடகு வைத்தவளும் அவள்தான்.
வரப்பு எங்கே முடிகிறதென்றுகூட
எனக்குத் தெரியாது.
பட்டாவில் இருப்பது என் பெயர்,
அதுவும் எழுத்துப்பிழையோடு.

பெரம்பூர் வீட்டில்
தட்டின் முன் உட்கார்ந்தபோது கூப்பிட்டாள்.
"ஏதாச்சும் வந்துச்சா சார்?"

"சர்வர் டவுனாம்மா."

யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோல
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"சரி சார், சாப்பிடுங்க" என்றாள்.

சாப்பிட்டேன்.
வஞ்சிரத்தில் அவ்வளவாக
முள் கிடையாது.