சதுர அடி

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி பஸ்ஸில்
கன்னியக்கோயில் வந்ததும் பாதி இருக்கை காலி.
எல்லையில் இறங்குகிறவர்களுக்கு
அவரவர் தாகம்.
இறங்காமல் உட்கார்ந்திருந்த என்னைக்
கண்டக்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.
நான் போகிற கடை இன்னும் தூரம்.

மஞ்சக்குப்பத்தில் பிளெக்ஸ் டிசைன் போடுகிறவன் நான்.
காதணி விழாவுக்கு மயில்,
மஞ்சள் நீராட்டுக்குத் தாமரை,
கண்ணீர் அஞ்சலிக்கு மெழுகுவர்த்தியும்
பறந்து போகும் ஒற்றைப் புறாவும்.
எட்டு வருடமாக அதே புறா.
கடலூரில் யார் செத்தாலும்
அதைத்தான் பறக்க விடுகிறேன்.

சுப்பையா சாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில்
கைவினைக் கண்காட்சி. நுழைவு இலவசம்.
மின்விசிறிக் காற்றில் சாயத் துணிகள்
ஒன்றின் முகத்தில் ஒன்று அடித்துக்கொண்டிருந்தன.
வில்லியனூர் மண்குதிரைகள் முழங்கால் உயரத்தில்
வாசலையே பார்த்து நின்றன.
காகிதக் கூழ் முகமூடி ஒன்றுக்கு
எங்கள் முதலாளி குமரவேலின் மூக்கு.
‘போட்டோ எடுக்கக் கூடாது’ என்று
மேசைக்கு மேசை எழுதியிருந்ததால்
கண்ணால் திருடினேன்.
ஒரு பார்டர், ஒரு பாசிப்பச்சை,
மீன் செதிலை மூன்றே கோட்டில் முடித்த விதம்.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதாமல்
உள்ளங்கையிலும் கிறுக்கினேன்.

பெர்னதெத் என்று அட்டையில் பெயர் போட்டிருந்த பெண்
களிமண் காய்ந்த நகத்தால்
கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்:
“மூணாவது ரவுண்டு வர்றீங்க. விலையும் கேக்கல.
மாடல் எடுக்கறீங்களா?”
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.
உள்ளங்கை விரிந்திருக்கையில் என்ன பொய் சொல்வது.
அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை.
மேசைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் கூடையைக் காலால் தள்ளினாள்.
“இதுங்களப் பாருங்க. சூளையில கெட்டது.
எது எடுத்தாலும் அம்பது.”

அதில் ஒரு தட்டு.
நீலம் ஓரமாக வழிந்து போய்த் தேங்கியிருந்தது.
மீதி முழுக்க ஒன்றுமில்லை.
சாம்பல் கலந்த வெள்ளை.
அவ்வளவு ஒன்றுமில்லாததை
எட்டு வருடத்தில் நான் எங்கும் விட்டதில்லை.
விட்டால் சும்மா இருப்பார்களா?
“காலி இடத்துக்கும் சதுர அடிக் காசு குடுக்கறேன்ல?”
பேரன் பெயரால், பூங்கொத்தால், கட்சிக் கரையால்
அடைத்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

கையில் எண்பது. திரும்ப பஸ்ஸுக்கு முப்பது.
தட்டை வைத்துவிட்டு,
கட்டைவிரல் பதிந்து கோணிப்போன குவளை ஒன்றை எடுத்தேன்.
குவளையென்றால் டீயாவது குடிக்கலாம்.
தட்டு, காசு கேட்காமல், கூடவே வந்தது.

திங்கட்கிழமை தேவனாம்பட்டினத்திலிருந்து
ஒரு கண்ணீர் அஞ்சலி. பத்துக்கு ஆறு.
பெரியவர் படத்தை வலது ஓரம் கீழே இறக்கினேன்.
பெயர். தேதி.
மீதி ஐம்பது சதுர அடியும் சாம்பல் வெள்ளை.
புறாவுக்கு அன்று லீவு.
மகன் திரையை வெகுநேரம் பார்த்தார்.
பிரிண்டர் பக்கமிருந்து நிசார் என்னைப் பார்த்தான்.
“நல்லாதான் இருக்குது” என்றார் மகன்.
“ஆனா மாமா வூட்டு ஆளுங்க பேரு எங்க?”
பதினேழு பெயர்கள்.
பிறகு மெழுகுவர்த்தி.
பிறகு, அவரே கேட்டு, புறா.

ஆனாலும் இடது கீழ் மூலையில்
ஒரு சாண் விட்டுவைத்தேன். யாரும் கேட்கவில்லை.
மறுநாள் வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கம் வண்டியை விட்டேன்.
அந்த மூலையைத்தான் சுருட்டிக்
கம்பத்தோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

இப்போது கடையில் அந்தக் குவளையில்தான் டீ.
பெர்னதெத்தின் விரல் சின்னது போல.
பள்ளத்தில் என் கட்டைவிரல் பாதிதான் போகிறது.
கொஞ்சம் கோணலாகப் பிடித்துக்கொண்டு
புதிய பைல் திறக்கிறேன்:
காதணி விழா, பத்துக்கு எட்டு.
திரை வெள்ளையாக இருக்கிறது,
மயில் வரும்வரை.